ஒரே நஞ்சு, இரண்டு அறைகள்

நூற்பாலைக்குள் பஞ்சு முதலில் நுழையும் இடம் ப்ளோரூம். லாரியில் வந்திறங்கிய பேலின் கட்டை அறுத்ததும், அதுவரை இறுக்கி அடைத்திருந்த பஞ்சு பொதபொதவென்று உப்பும். பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தால், காய்ந்த இலைத் துணுக்கு, உடைந்த விதைத்தோல், காயைச் சுற்றியிருக்கும் சருகுச் செதில், மண் எல்லாம் உள்ளே கிடக்கும். இயந்திரம் அந்தப் பஞ்சை அடித்து உதறுகிறது. அடுத்ததாக இருக்கும் கார்டிங்கில், கம்பிப் பற்கள் பதித்த உருளை அதை இழை இழையாகச் சீவுகிறது. கனமான குப்பை கீழே விழுந்துவிடும். விழாதது காற்றில் நிற்கும். அங்கிருந்து டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று போகப் போகப் பஞ்சு சுத்தமாகும், தூசியும் குறையும். திருப்பூர் நிட்டிங் மெஷினில் ஏறும் கோன் நூல் தன் குப்பையில் பெரும்பகுதியை வழியிலேயே, வேறு யாருடைய மூச்சிலோ விட்டுவிட்டு வந்திருக்கிறது.

அந்த வேறு யாரோ பல்லடத்திலும் உடுமலையிலும் அவிநாசியிலும் வெள்ளகோவிலிலும் இருக்கிறார்கள். மாவட்ட எல்லை தாண்டினால் கோவையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சொல்லும் தொந்தரவுக்கு ஒரு தனி வாடிக்கை உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் அன்று, ஷிப்டு தொடங்கிச் சில மணி நேரத்தில், "நெஞ்சு கட்டிக்கிட்ட மாதிரி இருக்குதுங்க" என்பார்கள். மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், சிலருக்கு மேல் சூடாகவும் இருக்கும். மறுநாள் கொஞ்சம் தேவலை. வாரக் கடைசிக்குள் மறந்தே போகும். அடுத்த லீவு முடிந்ததும் மறுபடி அதே கதை. ஆண்டுகள் போகப் போக இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் லீவு நாளிலும் இளைப்பு விடாது.

இதற்கு மருத்துவத்தில் பைசினோசிஸ் என்று பெயர். சணலும் ஆளியும் சீவுகிறவர்களின் இருமலைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலிலேயே எழுதியிருக்கிறார். அதை அளந்து தரம் பிரித்தவர் ரிச்சர்ட் ஷில்லிங். 1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் அவர் வகுத்த தரவரிசை மிக எளிது. வாரத்தின் முதல் வேலைநாளில் எப்போதாவது நெஞ்சு பிடித்தால் அரைத் தரம். ஒவ்வொரு முதல் நாளும் பிடித்தால் ஒன்று. மற்ற நாட்களிலும் பிடித்தால் இரண்டு. அதோடு மூச்சின் திறன் நிரந்தரமாகக் குறைந்திருந்தால் மூன்று. ஒரு கேள்வியும், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஒரு ஊதலும் போதும்.

ஆனால் அந்தக் கேள்வியைத் திருப்பூர் வட்டாரத்துக்கு ஏற்றபடி கேட்க வேண்டும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது பழக்கம். நூற்பாலை இரவு பகலாக, வாரத்தில் ஏழு நாளும் ஓடும். அங்கே ஒருவருக்குச் செவ்வாய் லீவு, இன்னொருவருக்கு வெள்ளி லீவு. பாடப்புத்தகம் சொல்கிறதே என்று "திங்கட்கிழமை நெஞ்சு பிடிக்குதாம்மா?" என்று கேட்கும் மருத்துவருக்கு "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "லீவு முடிஞ்சு போற அன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் பதில் மாறலாம். நோய் கண்ணில் படுவதும் படாமல் போவதும் இந்த ஒரு சொல்லில் நிற்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தூசி எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறையில் வெந்து, வெளுத்து, அலசி வந்த துணியைக் கட்டிங் மேஜையில் வெட்டும்போதும் ஓவர்லாக்கில் தைக்கும்போதும் பறக்கும் பிசிறு கண்ணை உறுத்தும், தும்மல் வரவைக்கும். ஆனால் இந்த அத்தியாயம் பேசப்போகிற நஞ்சில் பெரும்பகுதி அலசலிலேயே போயிருக்கும். கவலைக்குரிய இடம் பஞ்சைத் திறக்கும் இடம். அதைவிடவும் கவலைக்குரியவை, கழிவுப் பஞ்சையும் பனியன் வேஸ்டையும் அரைத்து மறுபடி நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள். மறுசுழற்சி நல்ல காரியம்தான். அதன் தூசியை விழுங்குகிறவர் யார் என்பது தனிக் கேள்வி. நேபாளத்தில் காத்மாண்டு பகுதி ஆலைகளில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிரிவு பிரிவாகத் தூசி அளந்தபோது, மறுசுழற்சிப் பிரிவில்தான் அது மிக அதிகமாக இருந்தது.

தூசியில் இருக்கும் எது நெஞ்சைப் பிடிக்கிறது என்பது பல பத்தாண்டுகள் புதிராக இருந்தது. பஞ்சின் இழை வெறும் செல்லுலோஸ், அது அவ்வளவு தொந்தரவு செய்யாது. சந்தேகம் மெல்ல மெல்லச் செடியின் சருகின் மேலும், அதில் வாழும் பாக்டீரியாவின் மேலும் திரும்பியது. பருத்திக்காய் வெடித்துக் காய்கிற நாட்களில் அதன் செதில்களில் கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை செத்துப் போனாலும் அவற்றின் மேலுறையில் இருந்த எண்டோடாக்ஸின் என்ற கொழுப்பு-சர்க்கரைப் பொருள் அழியாது. பேலுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, ப்ளோரூமில் தூசியோடு தூசியாக எழும்.

இதைக் கணக்காக நிறுவிய ஆய்வு 1987இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் காஸ்டெலனும் அவர் குழுவினரும் ஒரு மாதிரிக் கார்டிங் அறையில் வெவ்வேறு வட்டாரங்களின், வெவ்வேறு தரங்களின் பஞ்சை ஓடவிட்டார்கள். தன்னார்வலர்களை அந்தக் காற்றைச் சுவாசிக்க வைத்து, முதல் ஒரு விநாடியில் அவர்களால் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்று முன்னும் பின்னும் அளந்தார்கள். தூசியின் எடைக்கும் மூச்சுக் குறைவுக்கும் தெளிவான பொருத்தம் இல்லை. எண்டோடாக்ஸின் அளவோடு ஒப்பிட்டதும் பொருத்தம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 9 நானோகிராம் வரை மூச்சில் குறைவு இராது என்று கணித்தார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

அவ்வளவு சின்ன அளவுக்கு நுரையீரல் ஏன் இப்படித் துடிக்க வேண்டும்? பாக்டீரியா உள்ளே வந்துவிட்டது என்று உடல் நம்பிவிடுவதால்தான். நுரையீரலின் காவல் அணுக்களின் மேல் டி.எல்.ஆர்.-4 என்ற புரத உணரி இருக்கிறது. எண்டோடாக்ஸின் அதில் வந்து ஒட்டியதும் அணுவுக்குள் ஒரு தொடர் வேலை தொடங்குகிறது. அதன் முடிவில் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற செய்திப் புரதங்கள் வெளியாகின்றன. இன்டர்லூகின்-8இன் வேலை, ரத்தத்தில் ஓடும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு வரவழைப்பது. நியூட்ரோபில்கள் வந்து, கொல்ல வேண்டிய பாக்டீரியா அங்கே இல்லாவிட்டாலும், தம்மிடமுள்ள புரதச் சிதைப்பான்களைக் கொட்டுகின்றன. அவை கிருமியையும் கரைக்கும், மூச்சுக்குழாயின் சுவரையும் அரிக்கும். எண்டோடாக்ஸினை உணர்வது டி.எல்.ஆர்.-4 தான் என்று புரூஸ் பாய்ட்லரின் குழு 1998இல் எலிகளில் கண்டுபிடித்தது. அதற்காக அவருக்கு 2011இன் மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது. எண்டோடாக்ஸின் ஏற்றினாலும் நோய்வாய்ப்படாத ஒரு எலி வகையை வைத்து, அதன் மரபணுவில் என்ன பழுது என்று ஆண்டுக்கணக்கில் தேடிப் பெற்ற விடை அது.

லீவு முடிந்த நாளின் புதிருக்கும் இங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. எண்டோடாக்ஸின் திரும்பத் திரும்பப் பட்டால் காவல் அணுக்கள் சற்று மரத்துப்போகின்றன. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எதிர்வினை மங்குகிறது. ஒரு நாள் ஓய்வு கிடைத்ததும் அவை பழைய கூர்மைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆகவே தொழிலாளிக்கு இரண்டாம் நாள் "பழகிப்போச்சு" என்று தோன்றும்போது சுவரை அரிக்கும் வேலை நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

*

இனி இரண்டாவது அறை. இது ஜெர்மனியின் ஹனோவரிலோ பெல்ஜியத்தின் பிரசல்ஸிலோ இருக்கும் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடம். நாற்காலியில் ஆரோக்கியமான ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். மூக்கில் கிளிப். வாயில் நெபுலைசரின் குழாய். அதன் வழியே அவர் உள்ளிழுப்பது மருந்தல்ல. சுத்திகரித்து, அளந்து, உப்புநீரில் கலந்த எண்டோடாக்ஸின். சில மணி நேரம் கழித்து அவரைச் செறிவான உப்புநீர் ஆவியைச் சுவாசிக்க வைத்து, இருமி வெளிவரும் சளியை எடுத்து, அதில் எத்தனை நியூட்ரோபில் என்று எண்ணுவார்கள். இடையிடையே காய்ச்சல் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், ஊதச் சொல்வார்கள். அறையில் மருத்துவர் இருப்பார், அவசர மருந்து தயாராக இருக்கும். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கும், அவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

ஏன் இந்த வேலை? நோயெதிர்ப்பைச் சீர்செய்யும் புது மருந்து ஒன்று மனித நுரையீரலில் உண்மையிலேயே அழற்சியைக் குறைக்கிறதா என்று, ஆயிரம் நோயாளிகளைத் தொடும் முன்பே தெரிந்துகொள்ள. நோயாளியின் நுரையீரல் நாளுக்கு நாள் மாறும், அவர் வேறு மருந்துகளும் சாப்பிடுவார், பலருக்குப் புகைப்பழக்கமும் இருக்கும். ஆரோக்கியமானவரிடம், தெரிந்த அளவு நஞ்சைக் கொடுத்து, தெரிந்த நேரத்தில் எண்ணினால் மருந்தின் வேலை தனியே தெரியும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நஞ்சு, ப்ளோரூமில் எழும் அதே நஞ்சு.

அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரசல்ஸில் ஒலிவியே மிஷெலின் குழு 1997இல் ஆரோக்கியமானவர்களுக்கு 0.5, 5, 50 மைக்ரோகிராம் என்று மூன்று அளவுகளில் எண்டோடாக்ஸினை உள்ளிழுக்கக் கொடுத்தது. 0.5இலேயே ரத்த அணுக்களின் நடத்தையில் மாற்றம் தென்பட்டது. 50இல் காய்ச்சல் வந்தது. இப்போது ஆலைக்கு வாருங்கள். எட்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறவர் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிப்பார் என்பது தொழில் மருத்துவத்தின் வழக்கமான கணக்கு. உலகின் பல ஆலைகளின் கார்டிங் அறைகளில் கன மீட்டருக்குச் சில நூறு நானோகிராம் எண்டோடாக்ஸின் பதிவாகியிருக்கிறது. 300 என்று வைத்துக்கொண்டால் ஒரு ஷிப்டுக்கு 3 மைக்ரோகிராம். ஆய்வுக்கூடத்தில் அந்த அளவு சில நிமிடங்களில் உள்ளே போகிறது, ஆலையில் எட்டு மணி நேரத்தில் போகிறது. துகளின் பருமனும் வேறு. இரண்டும் அப்படியே சமம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுக்கூடம் "சவால் அளவு" என்று பெயரிட்டு, ஒப்புதல் வாங்கி, ஒரு முறை கொடுக்கும் அளவின் வரிசையில்தான் அந்த அறையின் ஒரு நாள் மூச்சும் நிற்கிறது. அங்கே மறுநாளும் உண்டு.

இந்தச் சோதனையைக் கடந்து வந்த மருந்துகளில் ஒன்று ரோஃப்ளுமிலாஸ்ட். அழற்சி அணுக்களுக்குள் பி.டி.இ.-4 என்ற நொதியைத் தடுத்து, அவற்றின் கிளர்ச்சியைத் தணிப்பது அதன் வேலை. ஹனோவரில் ஹோல்ஃபெல்ட் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் 37 ஆரோக்கியமானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் 28 நாட்கள் கொடுத்தார்கள். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது எது என்று தெரியாது. பிறகு பிராங்கோஸ்கோப்பை நுழைத்து, நுரையீரலின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் எண்டோடாக்ஸினைத் தெளித்தார்கள். ஒரு நாள் கழித்து அதே பகுதியைக் கழுவி எடுத்து எண்ணினார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடம் நியூட்ரோபில்கள் சுமார் 40 சதவீதம் குறைவாக வந்திருந்தன. இந்த மருந்து பிறகு நோயாளிகளிடமும் தேறி, சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு, அதிலும் சளியும் அடிக்கடி முற்றும் இயல்பும் உள்ளவர்களுக்கு, 2011இல் அமெரிக்க அனுமதி பெற்றது. வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் அதன் தொல்லைகள்.

எல்லா மருந்துகளும் இப்படித் தேறிவிடவில்லை. பலவற்றின் கதை இதற்கு நேர்மாறு, அவற்றில்தான் நமக்குப் பாடம் அதிகம். டி.என்.எஃப். புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடும் இன்ஃப்ளிக்ஸிமாப், மூட்டுவாதத்தில் பெரும் புகழ் பெற்ற மருந்து. சி.ஓ.பி.டி. நோயாளிகளின் சளியில் டி.என்.எஃப். கூடுதலாக இருக்கிறது, ஆகவே இங்கும் பலிக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2007இல் வெளியான, 234 பேரை வைத்து நடந்த ஆய்வில் எந்தப் பயனும் தெரியவில்லை. மருந்து பெற்றவர்களிடையே நிமோனியாவும் புற்றுநோயும் எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தன. நியூட்ரோபில்களை வரவழைக்கும் கதவையே, அதாவது இன்டர்லூகின்-8இன் உணரியையே, அடைக்கும் மருந்துகள் அடுத்து வந்தன. டானிரிக்சின் என்ற மருந்தில் நோயாளிகள் மேம்படவில்லை, நிமோனியாதான் கூடியது. நியூட்ரோபில் நுரையீரலை அரிக்கும் அணுதான். நுரையீரலைக் கிருமியிடமிருந்து காப்பதும் அதுவேதான். அதை வரவிடாமல் செய்தால் இரண்டும் நின்றுபோகும்.

வழக்கமான ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்த வகை அழற்சியில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. ஈயோசினோபில் என்ற இன்னொரு வெள்ளணுவை ஸ்டீராய்டு விரைவில் ஒடுக்கும். நியூட்ரோபில்லின் ஆயுளையோ அது நீட்டவே செய்கிறது. இளைப்பு என்றாலே ஆஸ்துமா, ஆஸ்துமா என்றாலே அதே இன்ஹேலர் என்ற வழக்கத்தில், பஞ்சுத் தூசி நோயாளிக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஈயோசினோபில் பக்கம் கதை நன்றாகப் போயிருக்கிறது. டுபிலுமாப் என்ற ஊசி இன்டர்லூகின்-4, 13 ஆகிய இரண்டின் செய்தியையும் தடுக்கிறது. 2023இல் வெளியான போரியாஸ் ஆய்வு, சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் ரத்தத்தில் ஈயோசினோபில் 300க்குக் குறையாதவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்து 939 பேரைச் சேர்த்தது. நோய் முற்றும் தடவைகள் 30 சதவீதம் குறைந்தன. மறு ஆண்டு வந்த நோட்டஸ் ஆய்வில் 34 சதவீதம். 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் ஆய்வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில், மருந்தின் திறமைக்கு இருக்கும் பங்கு ஆள் தேர்வுக்கும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரே பெயர் கொண்ட நோய்க்குள் வெவ்வேறு அழற்சிகள் இருக்கின்றன. எந்த அழற்சி யாருக்கு என்று சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பிரித்தெடுத்துவிட்டுத்தான் மருந்தைக் கொடுத்தார்கள். பஞ்சுத் தூசி எழுப்பும் நியூட்ரோபில் அழற்சிக்கு அப்படியொரு எளிய ரத்த அடையாளம் இன்னும் கைக்கு வரவில்லை.

நேரமும் ஆளைப் போலவே முக்கியம் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் டெக்ஸாமெத்தசோன் முடிவை அறிவித்தது. ஒரு பட்டைக்குச் சில ரூபாய்தான் ஆகும் மாத்திரை அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை, கெடுதல் நேரவும் வாய்ப்பிருந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் குலுக்கிப் பிரித்ததால்தான் இந்த வேறுபாடு தெரிந்தது. அதே 2020 ஜூலையில் பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் இட்டோலிசுமாப் என்ற சொரியாசிஸ் மருந்துக்கு, கொரோனா நுரையீரல் அழற்சியில் அவசரப் பயன்பாட்டு அனுமதி இந்தியாவில் கிடைத்தது. அடிப்படையாக இருந்த ஆய்வில் மொத்தம் 30 பேர்: இருபது பேருக்கு மருந்து, பத்துப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மருந்து பெற்றவர்களில் யாரும் இறக்கவில்லை, மற்றவர்களில் மூவர் இறந்தனர். கேட்கும்போது பெரிய வித்தியாசமாகத்தான் தெரிகிறது. பத்துப் பேரில் மூவர் என்பது எந்த அளவுக்குத் தற்செயலாகவும் நேரலாம் என்பதை டோசிலிசுமாப் என்ற இன்னொரு மருந்தின் கதை காட்டிக்கொடுத்தது. இந்தியாவின் 12 மருத்துவமனைகளில் 180 பேரை வைத்து நடந்த கோவின்டாக் ஆய்வில் அந்த மருந்தின் பலன் உறுதிப்படவில்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த ரெக்கவரியில் இறப்பு 35இலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. 180 பேரில் கண்ணுக்குத் தெரியாத நன்மை, நாலாயிரம் பேரில் தெரிந்தது. அப்படியானால் 30 பேரை வைத்து நன்மை என்றோ இல்லை என்றோ உறுதி சொல்வது நோயாளிக்குச் செய்யும் நியாயமாகாது.

*

பஞ்சாலைத் தொழிலாளர்களிடம் நேரடியாக மருந்து சோதிக்கப்பட்டதே இல்லையா? உண்டு. யூகோஸ்லாவியாவில் வாலிச்சும் யூஜேனியா ஜுஷ்கினும் ஆளித் தூசியில் வேலை செய்கிறவர்களிடம் ஆன்டிஹிஸ்டமின், வைட்டமின் சி, மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்து ஆகியவற்றை ஷிப்டுக்கு முன் கொடுத்துப் பார்த்து 1973இல் முடிவை வெளியிட்டார்கள். குரோமோகிளைகேட், பெக்லோமெத்தசோன், சால்புட்டமால் மூன்றையும் பருத்தி ஆலைத் தொழிலாளர்களிடம் ஒப்பிட்ட ஆய்வு 1978இல் வந்தது. நோயின் இயல்பைப் புரிந்துகொள்ள அவை உதவின. ஆனால் அந்தப் பாதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூசிக்குள் போ என்று சொல்வதற்கு மருந்து பயன்படத் தொடங்கினால், நெஞ்சுப் பிடிப்பு என்ற எச்சரிக்கை மட்டும் அடங்கும், நஞ்சு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முதல் நாள் பிடிப்பு குறைந்ததை வைத்து இருபது ஆண்டு கழித்து நுரையீரல் மிஞ்சும் என்று முடிவுகட்ட முடியாது.

அமெரிக்கா 1978இல் தூசிக்கே வரம்பு வைத்தது: நூல் தயாரிக்கும் பிரிவுகளில் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம். ஆலை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1981இல் தோற்றார்கள். நெதர்லாந்தின் சுகாதாரக் கவுன்சில் 2010இல் இன்னும் ஒரு படி போய், தூசியை விட்டுவிட்டு எண்டோடாக்ஸினுக்கே 90 அலகு என்று பரிந்துரை செய்தது. அது காஸ்டெலன் கண்ட 9 நானோகிராமேதான். கராச்சியில் ஆகா கான் பல்கலைக்கழகத்தின் அசாத் நஃபீஸும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய மல்டிடெக்ஸ் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மருந்துச் சோதனையின் அதே குலுக்கல் முறையை அவர்கள் தூசிக்குப் பயன்படுத்தினார்கள். 38 ஆலைகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியில் தொழிலாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் பயிற்சி, ஆலைக்குள் பாதுகாப்புக் குழு, உலர்ந்த விளக்குமாற்றுக்குப் பதில் ஈரத் துடைப்பு, தூசியை மூடிக் கொட்டுதல், எளிய முகக்கவசம் என்று கொடுத்தார்கள். மறுபாதி வழக்கம்போல. இரு பக்கமும் இருமலையும் ஊதும் திறனையும் அளப்பதுதான் திட்டம். ஈரத் துணியும் ஒரு மருந்தைப் போலத் தேர்வெழுதலாம் என்பதைப் பக்கத்து நாடு செய்து காட்டியிருக்கிறது. பல்லடத்தில் அதைச் செய்ய எந்தப் பெரிய கருவியும் வேண்டியதில்லை.

நியூட்ரோபில் பக்கமும் கடைசியில் ஒரு மருந்து தேறியது. பிரென்சோகாடிப், நியூட்ரோபில் வருவதைத் தடுப்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் அது உருவாகும்போதே, அது சுமந்து வரப்போகும் புரதச் சிதைப்பான்களைச் செயல்படுத்தும் டி.பி.பி.-1 என்ற நொதியைத் தடுக்கிறது. காவலர் வருவார், அவர் கையில் இருக்கும் அரிக்கும் ஆயுதம் மட்டும் மழுங்கியிருக்கும். மூச்சுக்குழாய் நிரந்தரமாக அகன்று சீழ்ச்சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸ் நோயில், ஆஸ்பென் என்ற ஆய்வு 35 நாடுகளில் 1,721 பேரைச் சேர்த்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.29 முறை நோய் முற்றியது. 10 மில்லிகிராம் மருந்து பெற்றவர்களுக்கு 1.02. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. குறைவு சிறிதுதான் என்றாலும், நியூட்ரோபில்லைத் தொட்ட மருந்துகள் வரிசையாகத் தோற்ற பிறகு கிடைத்த வெற்றி இது. இந்த நோயில் நம் நாட்டின் நிலை வேறு. 2019இல் வெளியான இந்தியப் பதிவேட்டில் இருந்த 2,195 நோயாளிகளில் 35.5 சதவீதத்தினருக்குக் காரணம் பழைய காசநோய். ஐரோப்பிய நோயாளியிடம் தேறிய மருந்து, காசநோய்த் தழும்பு உள்ள நுரையீரலிலும் பஞ்சுத் தூசி தின்ற நுரையீரலிலும் எப்படி வேலை செய்யும் என்பதை இங்கே சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியொரு சோதனை திருப்பூருக்கு வருமானால் முதல் தடை ஆய்வுக்கூடத்தில் இராது, விடுதியில் இருக்கும். இன்று மில் விடுதிகளில் இருப்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள். 2019ஆம் ஆண்டின் புது மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இந்தியாவில் ஒப்புதல், இழப்பீடு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கின்றன. புதிய மூலக்கூறை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சோதித்தால் ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்யவும் சொல்கின்றன. 2009 ஜூனிலிருந்து ஒவ்வொரு சோதனையும் இந்தியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்பட வேண்டும். ஆனால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, தெரியாத மொழியில் நீட்டிய தாளில் போடும் கையெழுத்து ஒப்புதலாகாது. ஒடியாவில் கேட்டு, ஒடியாவில் "வேண்டாம்" என்று சொல்லவும், சொன்ன பிறகு அடுத்த வாரமும் அதே வேலையில் இருக்கவும் முடிய வேண்டும்.

இரண்டாவது தடை எண்ணிக்கையிலேயே இருக்கிறது. பதினெட்டு வயதில் வந்து, சில ஆண்டு கார்டிங்கில் நின்று, கல்யாணம் ஆகி ஊர் திரும்புகிறவரின் நுரையீரலில் நேர்ந்தது ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. நெஞ்சு பிடிக்கிறவர்கள் முதலில் வேலையை விட்டுப் போய்விடுவார்கள், தாக்குப்பிடிக்கிறவர்கள் மட்டும் நிற்பார்கள். நிற்கிறவர்களை மட்டும் ஊதச் சொல்லி அளந்தால் ஆலை ஆரோக்கியமாகத் தெரியும். ஹார்வர்டின் டேவிட் கிறிஸ்தியானி ஷாங்காயில் செய்தது இதற்கு மாற்று. 1981இல் 447 பருத்தித் தொழிலாளர்களையும், ஒப்பீட்டுக்காகப் பட்டு ஆலையிலிருந்து 472 பேரையும் பதிந்துகொண்டு, அவர்கள் வேலையை விட்ட பிறகும், ஓய்வு பெற்ற பிறகும், பல பத்தாண்டுகள் தேடிப்போய் ஊதச் சொன்னார். பருத்திக்காரர்களின் மூச்சுத்திறன் வேகமாகத் தேய்ந்திருந்தது. தூசியை விட்டு விலகிய பிறகு தேய்மானம் தணிந்தது, சிலருக்கு இழந்ததில் கொஞ்சம் திரும்பியும் வந்தது. அந்தத் திரும்பி வரும் கொஞ்சத்தைக் கூட்ட முடியுமா என்பதுதான் ஒரு நோயெதிர்ப்பு மருந்திடம் நாம் கேட்கத் தகுந்த கேள்வி. தூசியை விட்டு வந்தவரிடம் அதைச் சோதித்தால் முன்சொன்ன சங்கடமும் இல்லை.

ஈ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் பைசினோசிஸ் இருக்கிறது. பட்டியலில் இருப்பது பலன் தர, நோயாளியின் குறிப்பேட்டில் அவர் பார்த்த வேலை எழுதப்பட்டிருக்க வேண்டும். இருமலோடு வரும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் புகைப்பழக்கத்தைக் கேட்கிறோம், விறகடுப்பைக் கேட்கிறோம், காசநோய்க்குச் சளி எடுக்கிறோம். இருபது வயதில் எந்த மில்லில், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், லீவு முடிந்து போன நாட்களில் எப்படி இருந்தது என்றும் கேட்டு ஒரு வரி எழுதிவைத்தால் போதும். வருங்கால மருந்துச் சோதனைக்கு யாரைச் சேர்ப்பது என்ற பட்டியலும், இழப்பீட்டுக்கு உரியவர் யார் என்ற சான்றும் அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.